குவளையை நகலெடுத்தார்கள், வழக்குரைஞரை விட்டுவிட்டார்கள்

அகல்விளக்கு

நேற்று மாலை ஓர் உள்ளூர்ச் சேனலின் பிரபலங்கள் நிகழ்ச்சியை, இடையில் எழுந்து போகாமல், முழு அரைமணி நேரமும் பார்த்தேன். புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். மேடை கிடையாது, சோபா கிடையாது. அலுவலகம் போல ஒரு கூடம். தாழ்வான தடுப்புகளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். நடுவில் ஆசிரியர் போல ஒருவர், கையில் பெரிய குவளை, பக்கத்தில் எழுதுவதற்குக் கண்ணாடிப் பலகை. ஒவ்வொருவராக எழுந்து தமக்குக் கிடைத்த தகவலைச் சொல்கிறார்கள். அவர் குவளையிலிருந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார். கூடம் சிரிக்கிறது. அடுத்தவர் எழுகிறார்.

எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிசுகிசு இணையதளமான டி.எம்.இசட். 2007இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது இதே கூடம், இதே தடுப்புகள், இதே குவளைதான்.

நகல் என்பதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. நான்காவது செய்தியில்தான் வந்தது. ஒரு நடிகை கார் நிறுத்துமிடத்தில் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கிறார். குழந்தைக்கு நான்கு வயதுக்கு மேல் இருக்காது. கேமரா நெருங்க நெருங்கத் தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. ஒரே ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறது. அந்தக் கணத்தை உறைய வைத்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "குழந்தை ஏன் அழுகிறது? வீட்டில் என்ன நடக்கிறது?" என்று திரையில் எழுதினார்கள். கூடம் வழக்கம்போலச் சிரித்தது.

கேமராவைப் பார்த்துத்தான் அழுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. அந்தக் கூடத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லையா?

இவர்கள் யாரைப் பார்த்துச் செய்கிறார்களோ, அங்கேயும் இப்படித்தானா? இல்லை, வருகிற வழியில் எதையாவது தவற விட்டுவிட்டார்களா? இந்தத் தொழிலை உள்ளேயிருந்து அறிந்தவர்கள் இந்த இணைய மன்றத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய தொகுப்பறை

பத்தொன்பது ஆண்டுகள் படத்தொகுப்பு அறையில் இருந்தவன். அதில் ஆறு ஆண்டுகள் இந்த மாதிரி நிகழ்ச்சிகளில்தான் கழிந்தன. எந்தச் சேனல் என்பதைச் சொல்லப்போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை.

நகல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தயாரிப்பாளர் ஒரு பென் டிரைவோடு வருவார். அதில் வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றின் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும். "இதே மாதிரி வேண்டும்" என்பார். எங்களுக்குக் கிடைக்கும் மொத்தக் குறிப்பும் அவ்வளவுதான். நாங்கள் உட்கார்ந்து எண்ணுவோம். ஒரு செய்திக்கு எத்தனை நொடி, எத்தனை வெட்டு, எந்த இடத்தில் "டங்" என்ற ஓசை, எழுத்து எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறது, விளம்பர இடைவேளைக்கு முன் எந்தக் கேள்வியைத் தொங்க விடுகிறார்கள். இரண்டு நாளில் அச்சு அசலாக அதே ஆட்டத்தைக் கொண்டுவந்துவிடலாம். திரையில் தெரிகிற எதையும் நகலெடுப்பது கடினமே இல்லை.

திரையில் தெரியாதது ஒன்று உண்டு. இந்த வகைக்கு வழிகாட்டியான அமெரிக்க நிகழ்ச்சி என்டர்டெயின்மென்ட் டுநைட் 1981 செப்டம்பரில் தொடங்கியது. அன்றன்றைய நிகழ்ச்சியை அன்றே துணைக்கோள் வழியாக ஊர் ஊராக இருந்த நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அதற்காகவே தனிச் செய்தியாளர்கள், தனிக் கேமராக்கள், செய்தி அறை போல ஒரு முழு ஏற்பாடு. தினமும் அரைமணி நேரத்தை நிரப்ப அவர்களிடம் புதுக் காட்சிகள் இருந்தன. எங்களிடம் அந்த அரைமணி நேரம் மட்டும் இருந்தது, காட்சிகள் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் புதிய காட்சி கிடைத்தால் பெரிது. மீதி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

நான் நிரப்பிய விதத்தைச் சொல்கிறேன். ஒரு நடிகை ஏதோ ஒரு விழா மேடையில் தலை குனிந்து கைப்பையைத் திறக்கிறார். மூன்று நொடிக் காட்சி. அதைப் பன்னிரண்டு நொடியாக நீட்டினேன். நிறத்தைச் சற்றுக் குறைத்தேன். கீழே வயலின் இசையைப் போட்டேன். கைப்பை தெரியாமல் முகத்துக்கு மட்டும் நெருக்கினேன். கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்த பெண், கண்ணீரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்ணாக மாறிவிட்டார். அந்தப் பன்னிரண்டு நொடியை ஓர் ஆண்டில் மூன்று முறை பயன்படுத்தினோம். ஒருமுறை திருமண முறிவு என்றோம், ஒருமுறை வாய்ப்பில்லாத வருத்தம் என்றோம், கடைசியில் அவருடைய தந்தை இறந்தபோதும் அதையே போட்டோம். "கோப்புக் காட்சி" என்று ஓரத்தில் எழுத வேண்டும் என்று ஒருமுறை சொன்னேன். எழுதினால் பழைய காட்சி என்று தெரிந்துவிடும், நேயர்கள் சேனல் மாற்றிவிடுவார்கள் என்றார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

மாலைப்பார்வை

நான் இந்த நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்க்கிறவன். இங்கே எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரார் கதை பேசாத ஊர் எது? நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு, யார் யாரோடு படம் செய்கிறார், யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்பது ஓர் இளைப்பாறல். அதை ஏதோ குற்றம் போலப் பேசுவது நியாயமில்லை. பிரபலங்களும் இதில் ஏமாந்த அப்பாவிகள் அல்லர். படம் வெளியாகும் வாரத்தில் அவர்களுடைய பி.ஆர்.ஓ.க்களே தொலைபேசியில் அழைத்துத் தகவல் தருகிறார்கள். விமான நிலையத்தில் "தற்செயலாக" நிற்கும் கேமராக்களில் பாதி, சொல்லி வரவழைக்கப்பட்டவை. விருப்பப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டு, விருந்தாளி உள்ளே வந்துவிட்டான் என்று புகார் சொன்னால் எப்படி?

இன்னொன்றும் உண்டு. பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கிய சில உண்மைகள் இந்த வழியாகத்தான் வெளியே வந்திருக்கின்றன. அதிகாரம் உள்ளவர்களைப் பற்றி முதலில் முணுமுணுப்பாகத்தான் செய்தி வரும். அந்த முணுமுணுப்புக்கு ஓர் இடம் வேண்டாமா?

குழந்தை விஷயத்தில் அகல்விளக்கு சொன்னதை மறுக்கவில்லை. அது தவறு.

நூலகப்பூனை

வெளிநாட்டு நோய் நமக்குத் தொற்றிவிட்டது என்ற தொனியில் பேச்சு போகிறதோ என்று பட்டது, அதனால் ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன். கிசுகிசுவைத் தமிழுக்கு யாரும் இறக்குமதி செய்யவில்லை. தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலம் முன்பே 'சினிமா தூது', 'இந்து நேசன்' இரண்டையும் நடத்திய லட்சுமிகாந்தன் நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றினார். எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்ற பேச்சு அப்போதே பரவலாக இருந்தது. 1944 நவம்பரில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு, லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணையில் 1947இல் விடுதலையானார்கள். விடுதலை கிடைத்தும் பாகவதரின் பழைய உயரம் திரும்பவே இல்லை. எழுதியவர் உயிரையே இழந்தார், எழுதப்பட்டவர்கள் வாழ்க்கையை இழந்தார்கள்.

ஆகவே பசி நம்முடையது. பரிமாறும் முறைதான் வெளியிலிருந்து வந்தது. மாலைப்பார்வை சொல்லும் "இளைப்பாறல்" எனக்கும் புரிகிறது. திண்ணையில் பேசிய கதை திண்ணையோடு கரைந்துவிடும். திரையில் பேசிய கதை கரைவதில்லை, மறுநாள் அந்த மனிதருடைய பிள்ளை படிக்கும் வகுப்பறை வரைக்கும் போய்விடுகிறது.

சான்றாவணம்

வழக்குரைஞர் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, ஏன் இவ்வளவு தைரியமாக நகலெடுக்கிறார்கள் என்பது.

நூலகப்பூனை குறிப்பிட்ட அதே பிரிவி கவுன்சிலில்தான் நிகழ்ச்சி வடிவம் பற்றிய புகழ்பெற்ற வழக்கும் தீர்ந்தது என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. பிரிட்டனில் ஹியூயி கிரீன் என்பவர் 'ஆப்பர்ச்சுனிட்டி நாக்ஸ்' என்ற திறமைப் போட்டியை நடத்திவந்தார். நியூசிலாந்து ஒலிபரப்பு நிறுவனம் 1970களில் அதே பெயரில், அதே வசனங்களோடு, கைத்தட்டலை அளக்கும் அதே கருவியோடு ஒரு நிகழ்ச்சி நடத்தியது. கிரீன் வழக்குத் தொடுத்தார். 1989இல் பிரிவி கவுன்சில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு முறையும் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும்போது, நடுவில் மாறாமல் வரும் சில அம்சங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பதிப்புரிமை கோர முடியாது என்பது சாரம். இன்றுவரை பல நாடுகளில் நிலைமை ஏறத்தாழ இதுதான். தடுப்பும் குவளையும் கண்ணாடிப் பலகையும் எவருக்கும் தனிச் சொத்து அல்ல. வடிவங்களைக் காப்பதற்கென்று 2000இல் ஃப்ராபா என்ற சங்கம்கூடத் தொடங்கப்பட்டது. ஆனாலும் சட்டத்தின் துணை மெலிதாகவே இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் சிலர் பணம் கொடுத்து உரிமை வாங்குகிறார்கள்? வாங்கினால் வடிவக் கையேடு ஒன்றும் சேர்ந்து வரும். செட்டின் அளவு, இசை, விளக்கு இவற்றோடு, எதை எப்படிச் சரிபார்ப்பது, எந்தப் பிழைகளை முன்பே செய்து பார்த்துப் பட்டுத் தெளிந்தார்கள் என்பதும் அதில் இருக்கும். கூடவே அனுபவமுள்ள ஒருவரும் வந்து சில வாரங்கள் உட்காருவார். திரையைப் பார்த்து நகலெடுப்பவருக்கு இந்த இரண்டுமே கிடைக்காது. பழைய தொகுப்பறை ஐயா சொன்ன பென் டிரைவில் அந்தப் பக்கங்கள் இல்லை.

டி.எம்.இசட். நிகழ்ச்சியில் குவளையோடு நிற்பவரைப் பற்றி ஒரு சொல். அந்த ஹார்வி லெவின் படித்தது சட்டம். அந்தக் கூடத்தில் ஒருவர் எழுந்து சொல்லும்போது அவர் கேட்கும் கேள்வி வெறும் வேடிக்கை அல்ல. யார் சொன்னது, படம் இருக்கிறதா, ஆவணம் இருக்கிறதா என்பதில் கண்ணுள்ளவர் கேட்கும் கேள்வி. அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. காட்சிகளுக்குப் பணம் கொடுப்பது உட்பட அவர்களிடம் எனக்கு ஒப்பாத பழக்கங்கள் பல. ஆனால் வழக்கு வந்தால் எதிர்கொள்ளத் தயாராக இருந்துகொண்டு பேசுவதும், வழக்கே வராது என்ற நம்பிக்கையில் பேசுவதும் வேறு வேறு. நம் சேனலில் குவளை பிடித்திருப்பவர் ஒரு நடிகர். அவருடைய கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம், கேள்விக்குறி. "பிரிந்துவிட்டார்களா?", "மதுவுக்கு அடிமையா?" என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எல்லாத் தொகுப்பறையிலும் நம்புகிறார்கள். அது காப்பு அல்ல. படிப்பவர் மனத்தில் என்ன பொருள் பதிகிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

அமெரிக்காவில் நடிகை கேரல் பர்னெட் பற்றி நேஷனல் என்கொயரர் 1976இல் நான்கைந்து வரிச் செய்தி ஒன்று போட்டது. உணவகத்தில் குடித்துவிட்டு அன்றைய வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரோடு சத்தம் போட்டார் என்ற தொனி. அவர் அப்படி நடந்துகொள்ளவில்லை. அவருடைய பெற்றோர் இருவரும் குடிப்பழக்கத்தால் அழிந்தவர்கள் என்பதால் அந்த வரிகள் அவரை எங்கே குத்தின என்று சொல்லவேண்டியதில்லை. பத்திரிகை திருத்தம் வெளியிட்டும் அவர் விடவில்லை. 1981இல் ஜூரி 16 லட்சம் டாலர் இழப்பீடு என்று சொன்னது. பிறகு நீதிபதிகள் அதை வெகுவாகக் குறைத்தார்கள். ஆனாலும் அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தொகுப்பறை ஐயா குறிப்பிட்ட என்டர்டெயின்மென்ட் டுநைட் தொடங்கியதும் அதே ஆண்டுதான். ஒரு நான்கு வரி எவ்வளவு செலவு வைக்கும் என்று அறிந்துகொண்ட சூழலில் அந்த வகை வளர்ந்தது. நகல் அந்த அச்சம் இல்லாத இடத்தில் வளர்கிறது.

பெருவில் இன்னும் கடுமையாகப் போனது. மகாலி மெதினா அந்த நாட்டின் பேர்பெற்ற கிசுகிசுத் தொகுப்பாளர். கால்பந்து வீரர் பாவ்லோ கெரேரோ, பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் அணியின் கட்டுப்பாட்டை மீறி இரவில் சுற்றினார் என்று படத்தோடு சொன்னார்கள். படம் உண்மையானது, சொன்ன நேரம்தான் தவறு. 2008 அக்டோபரில் மெதினாவுக்கு ஐந்து மாதச் சிறை விதித்தார்கள். சிறைக்கும் போனார். டிசம்பரில் வெளியே வந்தார். அவதூறுக்குச் சிறை என்பதை நான் ஆதரிப்பதில்லை. நாளை அதே சட்டம் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் செய்தியாளர் மேல் பாயும். ஆனால் நேரத்தைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாலைப்பார்வை

சான்றாவணம் ஐயா, நீங்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உள்ளூர்ச் சேனலுக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா? தனி வழக்குரைஞர், தனிச் சரிபார்ப்பாளர் என்று வைத்துக்கொண்டால் நிகழ்ச்சியே நடக்காது. அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியை நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு விற்கிறார்கள். இங்கே ஒரே சேனல், ஒரே மொழி, அதிலும் மாலை அரைமணி நேரம்.

சான்றாவணம்

கட்டுப்படியாகாது என்பது உண்மை. அந்தக் காரணத்தால்தான் இந்த வடிவம் இந்த அளவுக்குப் பொருந்தாது என்கிறேன். பெரிய படகுக்கு வெட்டிய பாயைச் சிறு தோணியில் கட்டினால் காற்று வரும்வரை அழகாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை நடத்தலாம். நான்கு செய்தி போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அழைப்பு. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, அவர் மறுத்தால் மறுப்பையும் அதே செய்தியில், அதே குரலில் சொல்வது. இதற்குத் தனி வழக்குரைஞர் வேண்டாம், ஒரு தொலைபேசி வேண்டும்.

நூலகப்பூனை

வெளிநாடு என்றால் அமெரிக்கா மட்டும் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் டெலிசிங்கோ சேனல் 2009இலிருந்து 2023 வரை 'சால்வமே' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. பிற்பகல் முழுக்க, மணிக்கணக்கில், நேரலை. அதில் உட்கார்ந்து பேசியவர்களின் சொந்த வாழ்க்கையே காலப்போக்கில் நிகழ்ச்சியின் கதையாகிவிட்டது. அவர்களே சண்டையிட்டார்கள், அவர்களே சமாதானமானார்கள். எனக்கு அது பிடித்தமான வகை அல்ல. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தெரிந்தே, சம்பளம் வாங்கிக்கொண்டே, தம் கதையை மேசை மேல் வைத்தார்கள். மாலைப்பார்வை சொன்ன "கதவைத் திறந்துவிட்டவர்கள்" என்ற வாதம் அவர்களுக்குப் பொருந்தும். கார் நிறுத்துமிடத்துக் குழந்தை எந்தக் கதவைத் திறந்தது?

அகல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, நானும் தேடிப் படித்தேன். குழந்தைகள் விஷயத்தில் கண்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்ட "அங்கேயும் இப்படித்தானா" என்பதற்கு அதில்தான் விடை இருந்தது.

அங்கேயும் இப்படித்தான் இருந்தது. இதைவிட மோசமாகவே இருந்தது. இளவரசி டயானா 1997இல் இறந்த மறுஆண்டு கலிஃபோர்னியாவில் புகைப்படக்காரர்களின் அத்துமீறலுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது போதவில்லை. 2013இல் நடிகை ஹாலி பெர்ரி போன்றவர்கள் சட்டமன்றக் குழுவின் முன் நேரில் போய்ப் பேசினார்கள். பெற்றோரின் தொழில் காரணமாகக் குழந்தையைத் துரத்தித் தொல்லை செய்வதற்குத் தண்டனையைக் கூட்டினார்கள். 2014இல் கிறிஸ்டன் பெல், டாக்ஸ் ஷெப்பர்ட் என்ற நடிகத் தம்பதியர், குழந்தைகளைத் துரத்தி எடுத்த படங்களை வாங்காதீர்கள் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். அதை ஏற்றுக்கொண்டவர்களில் என்டர்டெயின்மென்ட் டுநைட்டும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் சேனல் இந்த நிகழ்ச்சியை இந்த ஆண்டுதான் தொடங்கியது. அது நகலெடுப்பது 2007ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை. அதற்குப் பிறகு அங்கே பட்ட அடி, வந்த சட்டம், எழுந்த வெட்கம், விட்ட பழக்கம் எதுவுமே பென் டிரைவில் ஏறவில்லை. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸை அந்த நாட்களில் எப்படித் துரத்தினார்கள் என்பதைப் பார்த்து 2021இல் அந்த நாடே தலைகுனிந்து பேசியது. அவருடைய வாழ்வையும் பணத்தையும் பதின்மூன்று ஆண்டுகள் பிறர் கையில் வைத்திருந்த, தந்தை கேட்டு ஏற்படுத்திய பாதுகாவலர் ஏற்பாட்டிலிருந்து அதே ஆண்டு நவம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அங்கே வருந்திக் கைவிட்டதை இங்கே புதுமை என்று விளம்பரம் செய்கிறார்கள். அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று சொல்லவில்லை. குறைந்தபட்சம் ஓர் இடத்தில் கோடு போட்டார்கள். நகலெடுக்கிறவர்கள் அந்தக் கோட்டையும் நகலெடுத்திருக்கலாமே.

புதுக்கத்தரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நான் வேலை செய்வது இப்படி ஒரு நிகழ்ச்சியில்தான். நீங்கள் பேசிக்கொண்டிருப்பது எங்கள் நிகழ்ச்சியா, வேறொன்றா என்று சொல்லமாட்டேன். உதவிப் படத்தொகுப்பாளர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

நாங்கள் சிரிப்பதைப் பற்றி அகல்விளக்கு அம்மா எழுதியதைப் படித்தபோது சுருக்கென்று இருந்தது. அந்தச் சிரிப்பு பெரும்பாலும் அந்தச் செய்திக்கானது அல்ல. கூடத்துச் சிரிப்பைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கோப்புகள். எந்தச் செய்தியின் கீழும் எது வேண்டுமானாலும் ஒட்டப்படும். குழந்தை அழுவதைப் பார்த்து யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். ஆனால் ஒட்டியது எங்களில் ஒருவர் கைதான்.

பழைய தொகுப்பறை ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னைப் போல அடிமட்டத்தில் இருக்கிறவரால் என்ன செய்ய முடியும்? செய்தியை நான் தேர்ந்தெடுப்பதில்லை. எழுதுவதும் நான் அல்ல. வேலையை விட்டுவிடு என்று சொல்லாதீர்கள், வீட்டு நிலைமைக்கு அது முடியாது.

பழைய தொகுப்பறை

வேலையை விடச் சொல்லமாட்டேன் அம்மா. நானே விடவில்லையே.

என் அனுபவத்தில் பலித்தவற்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, காட்சி உள்ளே வந்தவுடன் கோப்பின் பெயரிலேயே நாளையும் நிகழ்வையும் எழுதிவிடுங்கள். "நடிகை சோகம்" என்று பெயரிட்டால் அது சோகமாகவே பயன்படும். "விழா மேடை, கைப்பை" என்று பெயரிட்டால் அடுத்துத் தேடுகிறவர் கண்ணில் உண்மைதான் முதலில் படும். இது சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் ஆறு ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

இரண்டு, குழந்தையின் முகம். யாரும் கேட்பதற்கு முன்பே மங்கலாக்கிவிடுங்கள். முதல் பிரதி தயாரிப்பாளர் பார்வைக்குப் போகும்போதே மங்கலாகத்தான் போக வேண்டும். தெளிவாக ஒருமுறை பார்த்துவிட்டால் அவருக்கு அது வேண்டும் என்று தோன்றிவிடும். பார்க்காததை யாரும் கேட்கமாட்டார்கள். நேரமில்லை என்பார்கள், அதனால் உங்கள் சாப்பாட்டு நேரத்திலாவது முடித்து வையுங்கள். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை.

மூன்று, சரிபார்க்காத செய்தி என்று தோன்றினால் வாதாடாதீர்கள். "இதற்கு ஆதாரக் காட்சி எது, எதை வெட்டிப் போடட்டும்?" என்று வேலைக் கேள்வியாகக் கேளுங்கள். பாதி நேரம் அவர்களிடம் விடை இருக்காது. விடை இல்லாதபோது செய்தி தானாகவே சுருங்கும்.

மாலைப்பார்வை

புதுக்கத்தரி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு மூன்று கோப்புகள் என்பது எனக்குத் தெரியாது. நான் தினமும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன். நிகழ்ச்சியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் குழந்தைகளைக் காட்டும் நிகழ்ச்சி எதுவானாலும் சேனலுக்கு எழுதுவேன். அகல்விளக்கு, நீங்கள் கடிதம் எழுதியிருந்தால் இங்கே போடுங்கள், நானும் என் பெயரில் அனுப்புகிறேன். விரும்பிப் பார்க்கிறவன் எழுதினால் அவர்களுக்குச் சற்று உறைக்கும் என்று நினைக்கிறேன்.

அகல்விளக்கு

எழுதினேன். நான்கு வரிதான். எந்த நாள், எந்த நேரம், எந்தக் காட்சி, குழந்தையின் முகத்தை இணையப் பதிவிலிருந்தாவது நீக்குங்கள். அவ்வளவே. திட்டவில்லை. நாளையும் நேரத்தையும் சரியாகக் குறிப்பிடுவது முக்கியம் என்று சான்றாவணம் தனிச் செய்தியில் சொன்னார், அதனால் மறுஒளிபரப்பை மறுபடி பார்த்து நிமிடத்தோடு குறித்துக்கொண்டேன். இன்னும் பதில் இல்லை.

புதுக்கத்தரி

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தேன். நேற்று வந்த காட்சியில் ஒரு நடிகரின் மகள் இருந்தாள், பள்ளிச் சீருடையில். மொத்தம் ஏழு நொடிதான். ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்ததால் மங்கல் வட்டம் நழுவிக்கொண்டே போனது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். ஏழு நொடிக்கு நூற்று எழுபத்தைந்து ஃப்ரேம். சீருடையில் இருந்த பள்ளியின் சின்னத்தையும் சேர்த்து மறைத்தேன், அது தெரிந்தால் முகத்தை மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. தயாரிப்பாளர் பார்த்தார். "இது யார் சொன்னது?" என்று கேட்டார். "குழந்தை சார், அதனால் மறைத்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, அப்படியே அனுப்பு என்றார். மங்கலாகவே ஒளிபரப்பானது.

ஆனால் முன்னோட்டத்தில் தெளிவான முகம் போய்விட்டது. முன்னோட்டம் வெட்டுகிறவர்கள் மூன்றாவது மாடியில் வேறு அறையில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் பிரதியை எடுப்பதில்லை, மூலக் காட்சியை நேராக எடுத்துக்கொள்கிறார்கள். காலையிலிருந்து எட்டு முறை ஓடிவிட்டது. அந்த அறையில் எனக்கு யாரையும் தெரியாது. மூலக் கோப்பிலேயே மறைத்து வைக்க ஏதாவது வழி இருக்கிறதா ஐயா? நாளை காலை பத்து மணிக்கு அடுத்த காட்சிகள் வந்துவிடும்.

பழைய தொகுப்பறை

இருக்கிறது. மூலக் கோப்பைச் சேமிப்பகத்தில் ஏற்றுகிறவர் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இரவுப் பணியில் ஒருவர் இருப்பார், அவரிடம் யாரும் பேசியே இருக்கமாட்டார்கள். ஒன்பது மணிக்குள் போய் அவரைப் பாருங்கள். நான் இப்போது விழித்துத்தான் இருக்கிறேன், எந்த மென்பொருள் என்று எழுதுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.